கோவளம் பக்கத்துப் பாறைகளில் காணும் ஹைபர்ஸ்தீன் என்னும் கருந்தாது

செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கோவளத்தில், பெரிய அலைகள் அடித்து ஓய்ந்த மறுநாட் காலையில் கடற்கரைக்குச் செல்பவர், வெளிறிய மணலின்மீது கரிய பொடியைத் தூவியதுபோல நீண்ட வரிகள் படிந்திருப்பதைக் காணலாம். அங்கிருந்து கேளம்பாக்கம், தையூர் வழியாக உள்நாட்டிற்குச் சென்றாலும், வடமேற்கே வண்டலூர், தாம்பரம், திரிசூலம், பல்லாவரம் என்று குன்றுகளைத் தொடர்ந்து சென்றாலும், கிணற்றிலிருந்து எடுத்துக் கொட்டிய கற்களிலும், ஜல்லி உடைக்கும் இடங்களிலும் அதே போன்ற கரிய மணிகள், நீலச் சாயலுள்ள கல்லினுள் பதிந்து கிடப்பது கண்ணிற்படும்.

இக்கரிய மணி யாது என்னும் கேள்வி கிராமங்களில் அடிக்கடி எழுவதுண்டு. இரும்புக்கல் என்பார் சிலர். நிலக்கரியின் தலைப்பு என்பார் சிலர். வெயிலில் திருப்பிப் பார்க்கும்போது வெண்கல நிறமாய் மின்னுவதைக் கண்டு பொன் கலந்த கல் என்று எண்ணுவோரும் உண்டு. இவ்வித எண்ணம் பரவியுள்ள இடத்தில், நிலத்தின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, தாதுப் பரீட்சைக்கென முன்பணம் கேட்டு வரும் தரகர்களுக்கும் குறைவிராது. ஆனால் இவ்விஷயத்தில் குடியானவருக்கு நேரக்கூடிய பெரிய நஷ்டம் தரகரால் வருவதன்று. கிணறு வெட்டும்போது அந்தக் கரிய மணி கல்லினுள் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கவனியாமல், நீர் வரக்கூடிய இடத்தில் வேலையை நிறுத்திவிடுவதும், நீர் வராத இடத்தில் பணத்தைக் கொட்டுவதுமே பெரிய நஷ்டமாகும். ஆகையால் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இத்தாதுவை அறிந்திருத்தல் அவசியம்.

தாதுவின் தன்மையும் பெயரும்

இத்தாதுவிற்கு ஹைபர்ஸ்தீன் என்று பெயர். பூமியின் பாறைகளை ஆக்கியுள்ள தாதுக்களில் பைராக்ஸீன் என்னும் பெரிய வர்க்கமொன்று உண்டு. ஹைபர்ஸ்தீன் அவ்வர்க்கத்தைச் சேர்ந்தது. மணற்சத்தாகிய சிலிகாவுடன் மக்னீசியமும் இரும்பும் கூடியதே இதன் உடல். இரும்பு இருப்பது உண்மையே; ஆயினும் அது சிலிகாவுடன் இறுகப் பிணைந்திருப்பதால், இதை உருக்கி இரும்பெடுப்பது இலாபகரமான தொழிலாகாது.

பைராக்ஸீன், ஹைபர்ஸ்தீன் என்னும் இரு பெயர்களையும் இட்டவர் பிரான்சு தேசத்துத் தாதுநூலறிஞர் ஹாயுய் என்பவர். பைராக்ஸீன் என்பதற்குக் கிரேக்க மொழியில் ‘நெருப்புக்கு அந்நியன்’ என்று பொருள். எரிமலைக் குழம்பில் இம்மணிகளைக் கண்ட அவர், இவை வேறிடத்திலிருந்து தற்செயலாய் வந்து சிக்கியவை எனக் கருதி அவ்வாறு பெயரிட்டார். உண்மையில் நெருப்புக் குழம்பு ஆறும்போது முதலில் உறைபவற்றுள் இவையும் சேர்ந்தவை. பெயர்தான் தவறாக நிலைத்துவிட்டது. ஹைபர்ஸ்தீன் என்பதற்கு ‘மிகுந்த வலிமை’ என்பது கருத்து. 1988-ஆம் ஆண்டில் சர்வதேசத் தாதுநூற் சங்கத்தார் பைராக்ஸீன்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, ஹைபர்ஸ்தீன் என்பதை விலக்கி, இரும்பு மிகுந்த என்ஸ்டடைட் என்று வழங்குமாறு விதித்தனர். எனினும் பாறைகளைப் பற்றிப் பேசுவோர் பழைய பெயரை இன்னும் விட்டபாடில்லை.

பல்லாவரத்துக் கல்

இத்தாதுவை ஆராய்வதற்குச் சென்னையின் தென்புறத்தைவிடப் பெயர்பெற்ற இடம் உலகில் அரிது. 1893-ஆம் ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் என்பவர், கல்கத்தாவில் செயிண்ட் ஜான் தேவாலயத் தோட்டத்திலுள்ள ஒரு கல்லறையின் கல்லைப் பரிசோதித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராயிருந்து காலஞ்சென்ற ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறை அது. வங்காளத்து வண்டல் நிலத்தில் அத்தகைய கல் கிடையாது. அது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லேயாம் என்று ஹாலண்ட் கண்டறிந்து, அவ்வகைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். 1900-ஆம் ஆண்டில் இப்பாறைகளைக் குறித்து விரிவான நூலொன்றும் வெளியிட்டார். இன்று ஆப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும் இவ்வகைக் கல் கிடைத்தாலும் அதற்குச் சார்னோகைட் என்றே பெயர். மூலக்கல் பல்லாவரத்துக் கல்லேயாகும். பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியற் சின்னமாகக் காக்கப்பட்டு வருகிறது.

ஸ்படிகம் அதாவது வெங்கச்சங்கல், பெல்ஸ்பார், இவற்றுடன் ஹைபர்ஸ்தீனும் சேர்ந்திருப்பதே சார்னோகைட்டின் இலக்கணம். ஹைபர்ஸ்தீன் இல்லையேல் அது வேறு கல். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் மிக ஆழத்தில், பெரும் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும், நீர்ச்சத்து வெகுவாய்க் குறைந்த நிலையில் இப்பாறை உண்டாயிற்று. ஹார்ன்பிளெண்டு, கறுப்பு அப்பிரகம் ஆகிய தாதுக்கள் தம் உடலில் சிறிது நீரைக் கொண்டவை. அந்த நீரை உஷ்ணம் வெளியேற்றிய இடத்தில் ஹைபர்ஸ்தீன் பிறக்கிறது. பிறப்பிலேயே வறண்ட தாது என்று இதைச் சொல்லலாம்.

அடையாளங் காணும் முறை

இதற்கு வேண்டியவை ஒரு சம்மட்டி, பேனாக்கத்தி, பத்து மடங்கு பெரிதாய்க் காட்டும் கைக்கண்ணாடி, சாதாரண லாட காந்தம் ஆகிய இவ்வளவே. கல்லின் வெளித்தோலைப் பார்த்து ஒன்றும் தீர்மானிக்கலாகாது. வெயிலிலும் மழையிலும் நெடுநாள் கிடந்த கல் வெளுத்தோ பழுப்பேறியோ இருக்கும். சம்மட்டியால் உடைத்துப் புதிய முகத்தை வெளிப்படுத்த வேண்டும்.

புதிதாய் உடைத்த சார்னோகைட் கருநீலமாகவோ பசுமை கலந்த சாம்பல் நிறமாகவோ, எண்ணெய் தடவியதுபோன்ற மினுமினுப்புடன் காணப்படும். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். கல் முழுவதும் கருத்திருப்பதால் அது முழுதும் இரும்பு என எண்ணுகின்றனர். உண்மையில் இப்பாறையில் ஸ்படிகமும் பெல்ஸ்பாரும்கூட நீலமாகவும் பசுமையாகவும் மங்கியிருப்பவை; அவற்றின் நிறமே கல்லைக் கருப்பாகக் காட்டுகிறது. ஒரு துண்டை இரும்பு உலக்கையால் நன்றாய்ப் பொடித்து வெள்ளைக் காகிதத்தின்மேல் பரப்பினால் பொடி வெளிறிய சாம்பல் நிறமாகும். காந்த இரும்புத்தாதுவின் பொடி கருப்பாகவும், செவ்விரும்புத்தாதுவின் பொடி சிவப்பாகவும் இருக்கும். நிலக்கரியோ விரலிற் கரியாய் ஒட்டும். தீயில் இட்டால் எரியும். இவ்வொரு பரீட்சையே முக்காற்பங்கு சந்தேகங்களைத் தீர்த்துவிடும்.

அடுத்துக் கைக்கண்ணாடியால் கரிய மணிகளைத் தனியே பார்க்க வேண்டும். ஹைபர்ஸ்தீன் பழுப்புக் கருமையாகவோ பச்சைக் கருமையாகவோ இருக்கும். கல்லை வெயிலில் மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் அம்மணியின் முகம் வெண்கல நிறமாய்ப் பளிச்சிட்டு மறையும். மணிக்குள் அடங்கிய மிக நுண்ணிய தகடுகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதாலேயே அந்த மினுக்கு உண்டாகிறது. பொன்னுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லா மணிகளிலும் இது தோன்றுமென எதிர்பார்க்கவும் கூடாது.

நிச்சயமான அடையாளம் பிளவு. பைராக்ஸீன் மணி உடையும்போது இரு திசைகளில் மட்டமாய்ப் பிளக்கும். அவ்விரு முகங்களும் ஏறக்குறைய 90 பாகைக் கோணத்தில், பெட்டியின் மூலைபோலச் சந்திக்கும். இதற்குப் பெரிதும் ஒத்த ஹார்ன்பிளெண்டு என்னும் தாதுவில் அக்கோணங்கள் 56, 124 பாகைகளாம். ஆகவே அதன் விளிம்பு ஆப்பின் நுனிபோல ஒடுங்கியோ, அகன்று மழுங்கியோ தோன்றும். ஹார்ன்பிளெண்டின் முகங்கள் பெரும்பாலும் அதிகப் பளபளப்பும் நீண்ட வடிவும் உடையவை. மணி பொடியாயிருந்தால் இந்தக் கோணத்தைக் கண்ணாற் காண்பது எளிதன்று. ஐந்தாறு மணிகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பைராக்ஸீன்களிலேயே ஆகைட் என்பதற்கும் ஹைபர்ஸ்தீனுக்கும் உள்ள பேதத்தைக் கையில் வைத்துச் சொல்வது அதைவிடக் கடினம். கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், ஹைபர்ஸ்தீன் ஒரு நிலையில் இளஞ்சிவப்பாகவும் திருப்பினால் இளம்பச்சையாகவும் தோன்றித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அது ஆய்வுச்சாலையார் வேலை.

கறுப்பு அப்பிரகத்தைப் பற்றிக் குழப்பம் வேண்டுவதில்லை. அது கத்தி நுனிக்கு ஏடு ஏடாய் உரியும், ஹைபர்ஸ்தீன் உரியாது. கத்தியால் கீறினால் மிகுந்த சிரமத்துடன் சிறு கோடு விழலாம், அல்லது விழாமற் போகலாம். ஸ்படிகத்தின்மேல் கத்தியே தேய்ந்து இரும்புக்கோடு போடும்.

காந்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சார்னோகைட்டைப் பொடித்துக் காந்தத்தைக் காட்டினால் சில துகள்கள் தாவி ஒட்டுவது நிச்சயம். அவை பாறையில் சிறிதளவு கலந்துள்ள காந்த இரும்புத்தாதுவின் துகள்கள்; அவ்வளவினால் கல் இரும்புக்கல் ஆகிவிடாது. சாதாரணக் காந்தத்திற்கு ஹைபர்ஸ்தீன் எழும்பாது. இக்காலத்தில் கிடைக்கும் மிக வலிய நியோடிமியம் காந்தம் இரும்பு மிகுந்த ஹைபர்ஸ்தீனையும் சற்றே அசைக்கக்கூடுமாதலால் அதைக் கொண்டு முடிவு கட்டலாகாது.

ஐயம் பின்னும் இருப்பின் நிறுத்துப் பார்க்கலாம். கல்துண்டை நூலிற் கட்டித் தராசில் தொங்கவிட்டு நிறுத்து, பிறகு அவ்வாறே தொங்கும் நிலையில் நீருக்குள் முழுதும் அமிழ்த்தி நிறுக்க வேண்டும். காற்றில் 540 கிராமும் நீரில் 340 கிராமும் இருந்தால் வித்தியாசம் 200; 540-ஐ 200-ஆல் வகுக்க 2.7 வரும். பல்லாவரத்துச் சாதாரணச் சார்னோகைட்டின் அளவு ஏறக்குறைய இதுவே. ஹைபர்ஸ்தீன் மிகுந்த கருமையான வகை 3-க்கு மேலும் போகும். தனிக் காந்த இரும்புத்தாது 5-க்கு மேற்பட்டது. 2.7 காட்டும் கல்லை இரும்புத்தாது என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டுவதில்லை.

கடற்கரைக் கருமணல்

கோவளத்துக் கருமணலை அறிய இன்னும் சுலபமான வழியுண்டு. ஒரு கைப்பிடி மணலைக் கொட்டாங்கச்சியில் இட்டு, நீர் விட்டு, அரிசி களைவதுபோல அலசினால் இலேசான வெள்ளை மணல் ஓடிப்போய்க் கனத்த மணல் அடியில் தங்கும். அதை உலர்த்திக் காந்தத்தைக் காட்ட, காந்த இரும்புத்தாது எழும்பி ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கண்ணாடித் துண்டின்மேல் தூவி வெளிச்சத்திற்கு நேரே பிடித்துக் கைக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். சிவந்து தெளிந்திருப்பது கார்னெட். ஒளி சிறிதும் புகாமல் இரும்புபோல் கருத்திருப்பது இல்மனைட். விளிம்புகளில் பழுப்பாகவோ பச்சையாகவோ ஒளி கசியவிடுவது ஹைபர்ஸ்தீன், அல்லது ஹார்ன்பிளெண்டு.

ஹைபர்ஸ்தீன் மழைக்கும் காற்றுக்கும் எளிதிற் சிதையும் தாது. அப்படியிருந்தும் கடல் மணலில் அது அழியாமல் கிடக்கிறதென்றால், தாய்ப்பாறை வெகுதூரத்தில் இல்லை என்பது விளங்கும். இம்மணலை யாரும் விலைப்பொருளாகக் கருதி அள்ள முற்படலாகாது. கடலோர மணலும் மணல்மேடும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டவை. அன்றியும், அம்மணல்மேடே மழைநீரைத் தேக்கிக் கடலின் உப்புநீரைத் தடுத்து நிற்கிறது. அது குறைந்த இடத்தில் சவுக்குத் தோப்புக் கிணறும் உவர்த்துப்போகும்.

கிணறு வெட்டுவோர் கவனிக்க வேண்டியவை

சார்னோகைட் தன் உடலில் நீரைத் தாங்காத கல். அந்நிலங்களில் நீர் இரண்டே இடங்களில் உண்டு: மேலே சிதைந்து உதிர்ந்த பகுதியில், அதன் கீழே கல்லிலுள்ள வெடிப்புகளில். கைவிடப்பட்ட கற்குழிகள் இதற்குக் கண்கண்ட சாட்சி. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கற்குழிகளில் தேங்கி நின்ற நீரை, 2017-லும் 2019-லும் சென்னை நகரம் தவித்தபோது எடுத்துச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகருக்கு அனுப்பினர். கல் நீரை உறிஞ்சுவதாயிருந்தால் அத்தனை நீர் குழியில் நின்றிராது.

மேலேயுள்ள செம்மண்ணும் முரம்பும் கழிந்தபின், கடப்பாரைக்கு உதிரும் பழுப்புக்கல் வரும். அதை உடைத்துப் பார்த்தால் வெங்கச்சங்கல் மட்டும் அழியாதிருக்கும். பெல்ஸ்பார் வெண்களிமண்ணாய்க் குழைந்திருக்கும். ஹைபர்ஸ்தீன் இருந்த இடங்களில் துருப்பிடித்த பழுப்புப் புள்ளிகளே மிஞ்சும். இதுதான் நீர் தங்கும் பகுதி. இது எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவும் கிணற்றிற்கு நன்மை.

இப்பகுதியில் ஒரு பெரிய ஏமாற்றமும் உண்டு. இக்கல் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காய் உரிந்து சிதைவது. நடுவில் சிதையாத உருண்டைப் பாறை தங்கிவிடும். தோண்டும்போது அவ்வுருண்டையில் கடப்பாரை மோதியதும் அடிப்பாறை வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிட்டவர் பலர். பக்கவாட்டில் சிறிது தோண்டிப் பார்த்து, பாறையின் முகம் வளைந்து கீழிறங்குகிறதா என்று பார்த்தபிறகே முடிவு செய்ய வேண்டும்.

உண்மையான அடிப்பாறை வந்தபின் ஹைபர்ஸ்தீன் மணியே வழிகாட்டி. வெட்டியெடுத்த சக்கைகளையோ, ஆழ்துளைக் கிணறாயின் வெளிவரும் கல்தூளையோ, மூன்றடிக்கு ஒருமுறை தனித்தனியே வரிசையாய்க் குவித்து வைக்க வேண்டும். குவியலை நீரில் அலசிக் கைக்கண்ணாடியால் பார்த்தால், கரிய மணிகள் கண்ணாடிபோல் புதுமெருகுடன் இருப்பின் அவ்விடத்தில் ஜலம் நடமாடியதில்லை என்று கொள்ளலாம். கருநீலத் தூள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கையில் திடீரெனப் பழுப்பேறிய சில்லுகள் கலந்து, மணிகளின் ஓரங்கள் துருவேறிக் காணப்படின், அங்கே நீர் ஓடிய வெடிப்பொன்று உண்டு என்பதற்கு அது அடையாளம். துருவிற்குக் காரணம் தாதுவிலுள்ள இரும்பே. நீரும் காற்றும் சேராமல் அது துருவேறாது. வெடிப்பு இருந்தும் இப்போது வறண்டிருக்கலாமாதலால் இவ்வடையாளம் ஜலத்திற்கு உறுதிச்சீட்டு ஆகாது. ஆனால் நெடுந்தூரம் புதுமெருகுள்ள நீலத்தூளே வந்துகொண்டிருக்க, இன்னும் நூறடி இறக்குவோம் என்று சொல்லும் யோசனையை ஏற்குமுன் பணமுடையவர் ஒருமுறைக்கு இருமுறை அந்தக் குவியல்களைப் பார்ப்பது நல்லது. குழாய் இறக்கியபின் குவியல்களை வாரி எறிந்துவிடாமல், அடிக்கணக்கைக் குறித்துப் பையில் இட்டு வைத்தால், அடுத்த வயலில் தோண்டுபவருக்கு அதைவிடச் சிறந்த கணக்குப் புத்தகம் வேறில்லை.

மண்ணும் கல்தூளும்

இக்கல் சிதைந்த செம்மண்ணின் சிவப்பு, ஹைபர்ஸ்தீனும் இரும்புத்தாதுவும் துருவாகிக் கலந்ததால் வந்தது. சாம்பற்சத்தைத் தருவது பெல்ஸ்பார். தழைச்சத்தும் மணிச்சத்தும் இம்மண்ணில் பொதுவாய்க் குறைவு. ஆகையால் தொழு உரமும் தழையுரமும் இங்கே அதிகமாகவே வேண்டும். ஜல்லி ஆலைகளின் கல்தூளை உரம் என்று விற்பனை செய்வோர் சொல்வதில், கல்லில் சாம்பற்சத்தும் மக்னீசியமும் உண்டு என்னுமளவே மெய். அச்சத்து மிக மெதுவாய் விடுபடுவதாகையால் அவ்வருஷத்துப் பயிருக்கு அது உதவாது. ஆலை கழுவிய குழம்பு வயலில் பாய்ந்தாலோ மண்ணின் துவாரங்களை அடைத்து, நீர் இறங்காமற் செய்துவிடும்.

கிராம அதிகாரிகளுக்கு

கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு எனக் கிராமக் கணக்கில் குறிக்கப்பட்டுள்ள நிலங்களில் எவ்விதக் கல் இருக்கிறதென்பது வருமானத்தைப் பற்றிய விஷயமுமாகும். 1959-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, அனுமதியின்றிக் கல்லெடுப்பது குற்றம். ஜல்லிக்கு உடைக்கும் சாதாரணக் கல்லும், மெருகேற்றி ஏற்றுமதி செய்யும் கருப்பு கிரானைட்டும் ஒன்றல்ல. திண்டிவனம், கிருஷ்ணகிரி முதலிய இடங்களில் கருப்பு கிரானைட் என விற்கப்படுவது டோலரைட் என்னும் கல். அதிலும் பைராக்ஸீன் உண்டு. ஆனால் அது ஆகைட். டோலரைட் மிக நுண்ணிய மணிகளுடன் ஒரே சீரான கருமையாய், சுவர்போல் ஒடுங்கி நெடுந்தூரம் ஓடும். சார்னோகைட்டில் நீலச் சாயலுள்ள வெங்கச்சங்கல் கண்ணுக்குத் தெரியும். குன்றாகவும் பரந்த பாறையாகவும் கிடக்கும்.

சந்தேகமான கல்லை மாவட்டத்துப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்திற்கு அனுப்பும்போது, மேலே கிடக்கும் வெளுத்த கல்லைப் பொறுக்கி அனுப்புவதால் பயனில்லை. பாறையிலிருந்து கைமுஷ்டி அளவான இரண்டு துண்டுகளைப் புதிதாய் உடைத்தெடுத்து, ஒன்றைப் பழந்துணியிற் சுற்றி அனுப்பி, மற்றொன்றைக் கிராமத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் ஒரே எண்ணைப் பெயிண்டால் எழுதி, கிராமம், சர்வே எண், எடுத்த தேதி, தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்பவற்றைத் துண்டுக் காகிதத்திற் குறித்துச் சேர்த்தனுப்புதல் வேண்டும்.